பல மரம் கண்ட தச்சனுக்குச் சில குறிப்புகள்

நீர் மேலாண்மை என்ற பல்துறைப் பட்டப்படிப்பில் நான் சேர்ந்தபோது என் மாமா ஒரே ஒரு வரிதான் சொன்னார்: “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான், பார்த்துக்கோம்மா.” நீரியல், பொருளியல், சட்டம், சமூகவியல் என்று நான்கு துறைகளில் மாறி மாறி வகுப்பு. நான்கிலும் நான் விருந்தாளி. முதல் வருடம் முடியும்போது மாமா சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. நீரியல் மாணவர்களுக்குத் தெரிந்த கணிதம் எனக்குத் தெரியவில்லை. சட்ட மாணவர்கள் படித்த தீர்ப்புகளில் கால்வாசிகூட நான் தொட்டதில்லை. சமூகவியல் வகுப்பில் எல்லோரும் சிரிக்கும் இடம் எது என்றே புரியவில்லை.

இப்போது யோசித்தால் அந்தத் தச்சன்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான் வருகிறது. என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே அவன் தோப்புக்குள் போயிருக்கிறான். கதவு செய்ய வேண்டும் என்று தெரிந்தவன் நிலைக்கு இது, பலகைக்கு அது என்று தட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பான்; மரம் அதிகமாக இருந்தால் அவனுக்கு நல்லதுதான். பல்துறைப் படிப்பைப் படிப்பது எப்படி என்று என்னிடம் கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். பாதிக்குமேல் நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டவை.

விதிப்புத்தகத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

பல்கலைக்கழகத்தில் பணம், ஆசிரியர் பதவி, தேர்வு நடத்தும் அதிகாரம் எல்லாம் துறைவாரியாகத்தான் பிரிந்திருக்கும். பல்துறைப் படிப்பு என்பது அந்தத் துறைகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்தால் அதில் விழுவது மாணவர்தான்.

நான் விழுந்த ஓட்டை இது. மூன்றாம் வருடத்தில் நிலத்தடி நீர் மாதிரியாக்கம் என்று ஒரு பாடம். நான் இந்தப் படிப்பில் சேர்ந்ததே அதற்காகத்தான். பதிவு செய்யப் போனால், இரண்டாம் வருடத்தின் வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முதல் வருடக் கணிதம் வேண்டும். எங்கள் படிப்பின் பட்டியலில் அந்தக் கணிதம் கட்டாயமாகவும் இல்லை, விருப்பப் பாடமாகவும் இல்லை. அதாவது எங்கள் கையேட்டில் அச்சாகியிருந்த ஒரு பாடத்தை எங்களில் யாருமே எடுக்க முடியாது. ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாம் வருடத்தில் முதல் வருடப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து தொகையீடு போட்டேன்.

அதனால் சேர்ந்த முதல் வாரமே, முடிந்தால் சேர்வதற்கு முன்பே, கடைசி வருடப் பாடப் பட்டியலை எடுங்கள். எது வேண்டும் என்று மூன்று நான்கை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்தேவை என்ன, அந்த முன்தேவைக்கு முன்தேவை என்ன என்று பின்னோக்கி முதல் பருவம்வரை கோடு இழுங்கள். எங்காவது கோடு அறுந்தால் உடனே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். வாயால் கேட்டால் “பார்த்துக்கலாம்” என்பார்கள். எழுதிக் கேட்டால் எழுதித்தான் பதில் வரும். இரண்டு வருடம் கழித்து அந்தப் பதில் உதவும்.

கூடவே இன்னும் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாகக் கணக்கில் நீங்கள் எந்தத் துறையின் மாணவர்? ஒரு பாடத்தை இரண்டு துறைகளின் கணக்கிலும் காட்ட முடியுமா? இரண்டு தேர்வு ஒரே நாளில் வந்தால் யார் நாளை மாற்றுவார்? கடைசிக் கேள்வி சும்மா கேட்பதில்லை. ஒரு பருவத்தில் எனக்குப் பொருளியலும் சட்டமும் ஒரே காலை, ஒரே மணி. இரண்டு துறைகளுக்கும் ஒன்றின் அட்டவணை மற்றொன்றுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் எல்லாத் துறைகளின் தேர்வுத் தேதியையும் ஒப்படைப்புத் தேதியையும் ஒரே தாளில் எழுதி, முட்டும் இடத்தைச் சிவப்பில் குறித்து, இரண்டாம் வாரத்திலேயே அனுப்பிவிடுவேன். இரண்டாம் வாரத்தில் கேட்டால் மாற்றுவார்கள். பத்தாம் வாரத்தில் கேட்டால் பாடம் எடுப்பார்கள்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் முழுநேரப் படிப்புக்கு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வேறு முறையில் படிப்பவர்களும் தங்கள் கையேட்டில் இதற்கு இணையான எண்ணைக் காணலாம். அந்த மணிக்கணக்கு, அந்தத் துறையின் அடிப்படையை ஏற்கெனவே படித்தவரை மனதில் வைத்துப் போட்டது. நாம் பாதிப் பாடங்களில் அந்த அடிப்படை இல்லாமல்தான் நுழைகிறோம். பழக்கமில்லாத துறையின் முதல் பாடத்துக்கு எப்போதும் கணக்கைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்கினேன். அப்படிப்பட்ட பாடம் ஒரு பருவத்துக்கு ஒன்றுக்குமேல் எடுப்பதை நிறுத்தினேன். மதிப்பெண் அதற்குப் பிறகுதான் ஏறியது.

ஒரு கேள்வியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டாம் வருடம், ஒரு திங்கட்கிழமை. பாசன வகுப்பில் ஆசிரியர் சொன்னார்: வாய்க்காலில் விடும் நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் கசிந்துவிடுகிறது, அது இழப்பு, வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டால் தடுக்கலாம். எழுதிக்கொண்டேன். அதே வாரம் வியாழக்கிழமை நிலத்தடி நீர் வகுப்பு. அங்கே இன்னோர் ஆசிரியர், வாய்க்கால் கசிவு கிணறுகளுக்கு ஊட்டம் தருகிறது என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். இரவு இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒரே தண்ணீர் என்று உறைத்தது. ஒருவருக்கு இழப்பு, மற்றவருக்கு வரவு. அப்படியானால் கசிந்த நீர் யாருடையது?

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சட்ட வகுப்புக்குப் போனேன். பொருளியலில் ‘புறவிளைவு’ என்ற பாடம் வந்தபோது அங்கேயும் கொண்டுபோனேன்: கிணற்றுக்காரர் காசு கொடுக்காமல் பெறும் நன்மை இது, வாய்க்காலைப் பூசினால் அவர் நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது? சமூகவியலில் கேள்வி வேறு உருவம் எடுத்தது: பூசலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்குக் கிணற்றுக்காரரை அழைப்பார்களா?

இதற்கு நிஜ உதாரணம் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் ஆல்-அமெரிக்கன் வாய்க்கால் மெக்சிகோ எல்லையை ஒட்டி ஓடுகிறது. அதன் கசிவு எல்லை தாண்டி மெக்சிகாலி பள்ளத்தாக்கின் நிலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே விவசாயிகள் பல காலமாக அதை இறைத்துப் பயிர் செய்தார்கள். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்ததும் வழக்கு. 2006-இல் வேலையைத் தாமதமில்லாமல் நடத்தச் சொல்லி அமெரிக்க காங்கிரஸ் சட்டமே போட்டது, 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேலைக்கு விழுந்திருந்த தடையை நீக்கியது, கான்கிரீட் போடப்பட்டது. நான்கு துறைகளில் எந்த ஒன்றை மட்டும் படித்திருந்தாலும் இந்த வழக்கின் ஒரு பக்கம்தான் கண்ணில் பட்டிருக்கும்.

உங்கள் படிப்பு நீரைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. அறிதிறன் அறிவியலாக இருக்கலாம், மானுடவியலும் மருத்துவமும் சேர்ந்ததாக இருக்கலாம். கேள்வியைச் சோதிக்கும் முறை ஒன்றுதான்: ஒரே துறை முழுப் பதிலும் சொல்லிவிட முடிந்தால், அது அந்தத் துறையின் கேள்வி, உங்களுடையது இல்லை. அல்வாரெஸ் தந்தை மகன் கதை தெரிந்திருக்கும். மகன் வால்டர் புவியியலாளர். இத்தாலியின் குப்பியோவில், டைனோசர் காலம் முடியும் பாறை அடுக்கில் இருந்த மெல்லிய களிமண் படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கேட்டார். அப்பா லூயிஸ் இயற்பியலாளர். விண்தூசியோடு சீராக வந்து விழும் இரிடியம் என்ற, பூமியின் மேற்பரப்பில் அரிதான உலோகத்தை அளந்தால் காலம் தெரியும் என்றார். அளந்தவர்கள் ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் என்ற இரண்டு வேதியியலாளர்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, பக்கத்து அடுக்குகளில் இருந்ததைப்போல் சுமார் 30 மடங்கு, இரிடியம் இருந்தது. விண்கல் மோதியது என்ற முடிவோடு 1980-இல் நால்வர் பெயரிலும் கட்டுரை வந்தது. முதலில் கேட்டது ‘எவ்வளவு காலம்’ என்ற சின்னக் கேள்வி என்பதைக் கவனியுங்கள். ‘டைனோசர் ஏன் அழிந்தது’ என்று கேட்டுக்கொண்டு அவர்கள் தொடங்கவில்லை. மாணவர்கள் பெரும்பாலும் மிகப் பெரிய கேள்வியோடு வருகிறார்கள். சின்னதாக, அளக்கக்கூடியதாக, உங்களை உண்மையாகவே உறுத்துவதாக இருந்தால் போதும்.

அப்புறம் நடைமுறை. கேள்வியை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் திருத்தி எழுதுங்கள். தலைப்பை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று எந்த ஆசிரியர் சொன்னாலும், அந்தக் கட்டுரையைக் கேள்வியின் பக்கமாகத் திருப்புங்கள். ஐந்து பருவங்களில் நான் எழுதிய ஒன்பது அசைன்மென்ட்டுகள் கசிவைச் சுற்றியவை. இறுதி ஆய்வேட்டுக்கு உட்கார்ந்தபோது பாதி வாசிப்பு முடிந்திருந்தது.

ஒரே சொல், நாலு வீடு

எனக்கு ஒரு பழைய நீளக் குறிப்பேடு உண்டு. சொல், யார் சொல்கிறார்கள், எதைக்கொண்டு அளக்கிறார்கள் என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்திதான் முக்கியம். அகராதியில் அது இருக்காது.

‘தேவை’ என்ற சொல்லைப் பாருங்கள். பொறியியலில் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று எழுதிவிடுவார்கள். பொருளியலில் அது ஓர் எண்ணே இல்லை, விலை மாறினால் மாறும் வளைகோடு. என்ன விலைக்கு என்று சொல்லாமல் ‘நீர்த் தேவை’ என்று எழுதியதற்குப் பொருளியல் ஆசிரியர் என் தாளில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டார். ‘திறன்’ என்றால் பாசனக்காரருக்குப் பயிர் பயன்படுத்திய நீரை விட்ட நீரால் வகுத்தது. பொருளியலாளருக்கு, இன்னொருவருக்குக் கெடுதல் செய்யாமல் யாருக்கும் இதற்குமேல் நல்லது செய்ய முடியாத நிலை. ஒரு குழுவிவாதத்தில் நானும் என் தோழியும் முக்கால் மணி நேரம் திறனைப் பற்றிச் சண்டை போட்டோம். இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பேசுகிறோம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

‘வறட்சி’ இன்னும் வேடிக்கை. 1985-இல் வில்ஹைட், கிளான்ட்ஸ் என்ற இருவர் வெளியான வரையறைகளைத் தேடி எடுத்தபோது 150-க்குமேல் கிடைத்தன. அவற்றை நான்கு வகையில் அடுக்கினார்கள்: மழை குறைவது வானிலை வறட்சி, மண்ணின் ஈரம் பயிருக்குப் போதாதது வேளாண் வறட்சி, ஆறும் ஏரியும் நிலத்தடியும் வற்றுவது நீரியல் வறட்சி, வேண்டிய அளவு கிடைக்காமல் மனிதர் வாழ்க்கை பாதிக்கப்படுவது சமூகப் பொருளாதார வறட்சி. ஒன்று தொடங்கும்போது மற்றொன்று தொடங்கியிருக்காது. நல்ல மழை பெய்து வானிலை வறட்சி முடிந்த பிறகும் கிணறு வறண்டே கிடக்கலாம். ஆகவே ‘வறட்சி முடிந்தது’ என்று ஒரு கட்டுரை சொன்னால் யார் வீட்டு வறட்சி என்று கேட்க வேண்டும்.

ஒரு சொல் இரண்டு வகுப்பில் வந்தால் உடனே குறிப்பேட்டில் ஏற்றுங்கள். புதிதாகத் தோன்றும் சொற்களால் ஆபத்து குறைவு, தேடிப் பார்த்துவிடுவோம். தெரிந்ததுபோல இருக்கும் சொல்தான் காலை வாரிவிடும்.

எதைக் காட்டினால் நம்புவார்கள்

ஒரே பருவத்தில் எனக்கு இரண்டு தாள் திரும்பி வந்தன. களப்பணிக் கட்டுரையில் சமூகவியல் ஆசிரியர் எழுதியிருந்தார்: “இதில் நீங்கள் எங்கே? யாராக அங்கே போனீர்கள்?” நீரியல் ஆய்வக அறிக்கையில் எழுதியிருந்தது: “‘நான் நினைக்கிறேன்’ வேண்டாம். அளவீடு என்ன சொல்கிறது?” இரண்டும் சரி. ஒன்றில் நான் ஒளிந்துகொண்டிருந்தேன், மற்றொன்றில் தேவையில்லாமல் நுழைந்திருந்தேன்.

ஒவ்வொரு துறைக்கும் ‘இது போதும், நம்புகிறேன்’ என்று சொல்லும் இடம் வேறு. சமூக அறிவியல்களிலும் உயிரியலிலும் அதிகம் காணும் எல்லை 0.05 என்ற பி-மதிப்பு: உண்மையில் விளைவே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர நூற்றில் ஐந்து வாய்ப்பு. அதை வசதியான எல்லை என்று புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் எழுதியது பழக்கமாகிவிட்டது. துகள் இயற்பியலில் புதிய துகளைக் கண்டோம் என்று அறிவிக்க ஐந்து சிக்மா (சிக்மா என்பது வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அலகு) விலகல் வேண்டும். வெறும் தற்செயலாக அப்படி ஒரு விலகல் வர ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. 2012-இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தது அந்த அளவுகோலில்தான். சட்டத்தில் எண்ணிக்கையே கணக்கில்லை. மேல் நீதிமன்றத்தின் ஒரே ஒரு தீர்ப்பு நூறு வழக்குகளைத் திருப்பிவிடும். மக்களோடு வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதும் இனவரைவியலில் ஒரே ஊரில் நீண்ட நாள் தங்குவதே ஆதாரத்தின் கனம். ‘வெறும் ஒரு ஊரா?’ என்று நீரியல் நண்பர் கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் தன் வீட்டு அளவுகோலைக் கொண்டுவந்திருக்கிறார்.

இதனால் வாசிக்கும் முறையும் மாறும். அறிவியல் கட்டுரையில் முதலில் படங்களையும் அவற்றின் கீழ்க் குறிப்பையும் பார்ப்பேன், பிறகு முறை, கடைசியில்தான் முன்னுரை. பொருளியல் கட்டுரையில் ‘இதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறார்கள்’ என்ற பத்தியைத் தேடுவேன். அது பலவீனமாக இருந்தால் அட்டவணை எத்தனை இருந்தும் பயனில்லை. வரலாற்று நூலில் அடிக்குறிப்புதான் பாதி நூல். தீர்ப்பில், முடிவுக்குக் காரணமான தர்க்கம் எது, நீதிபதி போகிற போக்கில் சொன்னது எது என்று பிரிக்க வேண்டும். இதைப் பழக எனக்கு ஒரு பருவம் ஆயிற்று.

ஆசிரியர் பெயர் வரிசைகூட ஏமாற்றும். உயிரியல் கட்டுரையில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். பொருளியலிலும் கணிதத்திலும் அகரவரிசைதான் வழக்கம். இது தெரியாமல், ஒரு பொருளியல் கட்டுரையின் முதல் பெயர்க்காரரை மட்டும் புகழ்ந்து ஒரு முழுப் பத்தி எழுதினேன்.

தேடும் இடமும் அப்படியே. மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட். இயற்பியல், கணிதம், கணினியியல் என்றால் 1991-இல் தொடங்கிய ஆர்கைவ். வரலாறு, இலக்கியம் போன்ற மனிதவியல் துறைகளின் பழைய இதழ்கள் ஜேஸ்டோரில். கணினியியலில் நல்ல வேலைகள் பலவும் மாநாட்டுக் கட்டுரையாகத்தான் வரும். இதழில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் தொடும், ஆனால் எந்தத் துறையின் சொல்லைப் போட்டுத் தேடுகிறீர்களோ அந்தத் துறைதான் வரும். குறிப்பேட்டின் சொற்கள் இங்கே பயன்படும்: ‘கசிவு இழப்பு’, ‘செறிவூட்டம்’ (நிலத்தடி நீருக்குக் கிடைக்கும் ஊட்டம்), ‘புறவிளைவு’ என்று மூன்று சொல்லில் தேடினால் ஒரே வாய்க்காலைப் பற்றி மூன்று வேறு நூலகங்கள் திறக்கும்.

மேற்கோள் பாணியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு துறை ஏபிஏ கேட்கும், ஒன்று சிகாகோ அடிக்குறிப்பு கேட்கும், சட்டத்துக்குத் தனிப் பாணி. மேற்கோள்களைச் சேமித்து அடுக்கும் ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம், முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் அதில் போடுங்கள், பாணியை ஒரு சொடுக்கில் மாற்றலாம். சட்ட வழக்குகளை மட்டும் கையால் சரிபாருங்கள்.

ஒரு கருவியை ஆழமாக

நான்கு துறைகளிலும் சம ஆழம் போக முடியாது, போக முயலவும் வேண்டாம். ஒரே ஒரு கருவியை மட்டும், அந்தத் துறையின் சொந்த மாணவர் உங்களிடம் உதவி கேட்டு வரும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அது புள்ளியியலும் நிலப்பட மென்பொருளும். புள்ளியியலுக்கு ஆர், நிலப்படத்துக்கு க்யூஜிஐஎஸ்; இரண்டு மென்பொருளும் காசில்லாமல் கிடைப்பவை. மற்றவருக்கு அது ஒரு மொழியாக இருக்கலாம், ஆவணக்காப்பகத்தில் வேலை செய்யும் பயிற்சியாக இருக்கலாம். கருவி இருந்தால் எந்தத் துறைக்குள் போனாலும் விருந்தாளி என்ற கூச்சம் குறையும். கையில் வேலை இருக்கும்.

கணிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் பள்ளியில் திரிகோணமிதி எடுக்க ஊக்கம் பெறவில்லை, பெண் என்பதால். பிறகு பொருளியலில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தபோது கணிதம் போதாது என்று இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியலுக்குப் போனார். 1965-இல் முடித்த ஆய்வேடு தெற்குக் கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீரை மக்கள் எப்படிப் பகிர்ந்து நிர்வகித்தார்கள் என்பதைப் பற்றியது. 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண். என் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி ‘அப்போ கணிதம் வேண்டாம்’ என்று ஒருவன் முடிவுகட்டினான். ஆஸ்ட்ரம் பின்னாளில், ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் நிலைகளைக் கணிதமாக ஆராயும் விளையாட்டுக் கோட்பாட்டையும் ஆய்வகச் சோதனைகளையும் தன் வேலைக்குள் கொண்டுவந்தவர் என்பதை அவன் படிக்கவில்லை. முதல் வருடத்திலேயே கணிதத்தை எடுத்துவிடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் எடுங்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்த கதையை மேலே சொல்லிவிட்டேன்.

ஆய்வேடு: இரண்டு வழிகாட்டி, மூன்று வரைபடம்

எனக்கு இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் நீரியல், ஒருவர் சமூகவியல். இருவரும் நல்லவர்கள். ஆனால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. பேசவேண்டியதை என் மூலம் சொல்லி அனுப்பினார்கள். “நேர்காணல் அதிகம், எண் குறைவு” என்று ஒருவர். அடுத்த வாரம் “எண்களுக்குள் மனிதர்களைக் காணோம்” என்று மற்றவர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஒரு பருவம் ஓடிற்று.

தீர்வு மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அன்றே ஆறு வரி மின்னஞ்சல், இருவருக்கும் ஒன்றாக: என்ன முடிவானது, எது முடிவாகவில்லை, அடுத்து நான் என்ன செய்யப்போகிறேன். பருவத்துக்கு ஒருமுறை இருவரையும் ஒரே அறையில் அரை மணி நேரம் உட்கார வைத்தேன். முதல் கூட்டத்திலேயே ‘இந்த ஆய்வேட்டைத் திருத்தப்போவது எந்தத் துறை, எந்த மதிப்பீட்டு அட்டவணைப்படி’ என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கினோம். இதை முதல் மாதத்திலேயே செய்திருக்க வேண்டும்.

பெரிய அடி தரவில் விழுந்தது. நீரோட்ட அளவீடு நீர்ப்பிடிப்புப் பகுதிவாரியாக இருந்தது. பொருளாதாரப் புள்ளிவிவரம் நிர்வாக எல்லைவாரியாக. என் நேர்காணல்கள் குடும்பவாரியாக. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் எந்தக் கோடும் எந்தக் கோட்டோடும் பொருந்தவில்லை. தண்ணீருக்கு நிர்வாக எல்லை தெரியாது. ஆண்டுகூடப் பொருந்தவில்லை. நீரியலில் நீராண்டு என்று ஒன்று உண்டு, அமெரிக்க வழக்கில் அது அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. என் தரவின் நீராண்டு வேறு மாதம், நிதியாண்டு இன்னொரு மாதம். ஒன்பது வாரம் இதில் போயிற்று.

இப்போது என்னிடம் வரும் மாணவர்களிடம் தரவு சேகரிக்கும் முன் ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை போடச் சொல்கிறேன்: ஒவ்வொரு மூலத்துக்கும் இட அலகு என்ன, கால அலகு என்ன, யார் அளந்தார், எதற்காக அளந்தார். ‘எதற்காக’ என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். வரி வசூலுக்காக எடுத்த கணக்கும் வெள்ள எச்சரிக்கைக்காக எடுத்த கணக்கும் ஒரே ஆற்றை வேறு மாதிரி காட்டும். அலகுகள் பொருந்தவே பொருந்தாது என்று தெரிந்தால் கேள்வியைச் சுருக்கிவிடுங்கள். நான் கடைசியில் ஒரே ஒரு கிளை வாய்க்காலுக்குச் சுருக்கினேன். சுருக்கிய பிறகுதான் ஆய்வேடு நகர்ந்தது.

முறையியல் அத்தியாயத்தை மட்டும் இரண்டு மடங்கு நீளமாக எழுதுங்கள். ஒற்றைத் துறை மாணவருக்கு ‘பின்னடைவுப் பகுப்பாய்வு செய்தேன்’ என்று தன் புள்ளியியல் முறையை ஒரு வரியில் சொன்னால் போதும், படிப்பவருக்குத் தெரியும். உங்கள் ஆய்வேட்டின் இரண்டு தேர்வாளர்களில் ஒருவருக்கு எப்போதும் பாதி முறை புதிது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு துறையிலும் ஒரு நண்பரிடம், தன் துறைப் பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்கிற்று என்று அவர்கள் காட்டும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

சில சில்லறை விஷயங்கள்

ஒரே நாளில் நான்கு துறைக்கும் படிக்காதீர்கள். வகுப்பு அப்படி இருந்தால் தவிர்க்க முடியாது. சொந்தப் படிப்பு நேரத்தையாவது ஒரு காலை ஒரு துறைக்கு என்று வையுங்கள். சட்டத் தீர்ப்பிலிருந்து சமன்பாட்டுக்கு மாறும்போது மனசு இடம் மாற அரை மணி போகிறது.

தனிமை வரும். ஒவ்வொரு துறையிலும் சொந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் இருக்கும், நமக்கு எந்த மாணவர் அறையிலும் நிரந்தர நாற்காலி இருக்காது. எங்கள் படிப்பில் மொத்தம் பதினோரு பேர். வாரத்துக்கு ஒருநாள் ஒரு காலி வகுப்பறையில் உட்கார்ந்து, அந்த வாரம் எந்த இரண்டு ஆசிரியர்கள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னார்கள் என்று மட்டும் பேசினோம். சிரிப்பாகத்தான் தொடங்கியது. என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்த சிறந்த கருத்தரங்கு அதுதான்.

வேலை நேர்காணலில் ‘இது என்ன படிப்பு?’ என்று கேட்பார்கள். நான்கு துறைப் பெயரையும் அடுக்காதீர்கள், அடுக்க அடுக்க எதிரில் இருப்பவர் முகம் மங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள். “ஒரு வாய்க்காலைப் பூசினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்கிட்டேன், அதற்கு நீரோட்டத் தரவும் வேண்டியிருந்தது, கிணற்றுக்காரர்களின் பேச்சும் வேண்டியிருந்தது” என்றால் போதும். அடுத்த கேள்வி தானாக வரும். அது பெரும்பாலும் உங்கள் கருவியைப் பற்றி இருக்கும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டத்தையும், வாரவாரியான தலைப்புகளோடு, அந்தந்தப் பருவத்திலேயே இறக்கி ஒரு கோப்புறையில் போட்டுவையுங்கள். முதுகலைக்கு விண்ணப்பித்தால் பட்டத்தின் பெயரைப் பார்த்து ஒன்றும் புரியாமல், என்னென்ன படித்தீர்கள் என்று ஆதாரம் கேட்பார்கள். நான் சேமித்து வைக்கவில்லை. படித்து நான்கு வருடம் கழித்து ஒரு சேர்க்கை அலுவலகம் கேட்டபோது இணையதளம் மாறியிருந்தது, படிப்பின் பெயரும் மாறியிருந்தது, இரண்டு ஆசிரியர்கள் ஓய்வு பெற்றிருந்தார்கள். துறை அலுவலகத்தில் ஒரு எழுத்தர் பழைய அலமாரியிலிருந்து நகல் எடுத்து அனுப்பினார், கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது. பதினெட்டுப் பாடங்களில் பதினேழுதான் கிடைத்தன. விடுபட்டது அந்த முதல் வருடக் கணிதம்.